தாம்பரம் கோர்ட்டும் நம் தெருவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வக்கீல் இல்லை. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளராகப் பல வருடங்களாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கும்போது யாராவது ஒருவர் போகாமல் நின்றுகொண்டிருப்பார். கையில் ஒரு பழுப்புக் கவர் இருக்கும். எல்லாரும் போனபிறகு, "சார், இது கோர்ட்டிலிருந்து வந்திருக்கு, என்னன்னு கொஞ்சம் பாருங்க" என்பார். அந்தக் கவரைப் பிரிக்காமலேயே மூன்று வாரம் வைத்திருந்தவர்களும் உண்டு. அப்படி வந்தவர்கள் கேட்ட கேள்விகளையும், வக்கீல்களிடமும், இலவசச் சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் குழுவிலும் விசாரித்து நான் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் வழக்குக்கு என்று வரும்போது ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

தாம்பரத்தில் இருப்பது எந்தக் கோர்ட்? எல்லாவற்றுக்கும் அங்கேயே போகலாமா?

பொதுவாகச் சொன்னால், சொத்து, பணம், பாகப்பிரிவினை, தடையாணை போன்ற சிவில் வழக்குகள் மாவட்ட முன்சீப் நீதிமன்றத்துக்கோ சார்பு நீதிமன்றத்துக்கோ போகும். எது என்பதை வழக்கின் மதிப்பு முடிவு செய்யும். அடிதடி, திருட்டு, செக் மோசடி போன்றவை குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்கு, அதாவது நாம் மேஜிஸ்திரேட் கோர்ட் என்று சொல்லும் இடத்துக்குப் போகும். முதல் வகுப்பு நடுவர் 3 வருடம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். கொலை போன்ற பெரிய வழக்குகளை அமர்வு நீதிமன்றம் விசாரிக்கும். நம் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் செங்கல்பட்டில் இருக்கிறது.

குழப்பம் எல்லையில்தான் வருகிறது. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்தது. 2021 நவம்பரில் பம்மல், பல்லாவரம், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் போன்ற பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆனது. 2022 ஜனவரி 1-ஆம் தேதி தாம்பரம் போலீஸ் கமிஷனரகம் வந்தது. இந்த மூன்றின் எல்லையும் ஒன்றில்லை. பள்ளிக்கரணையில் குப்பை எடுப்பது சென்னை மாநகராட்சி, போலீஸ் ஸ்டேஷனோ தாம்பரம் கமிஷனரகத்தில். ஆகவே "நான் எந்தக் கார்ப்பரேஷன்" என்பதை வைத்து உங்கள் கோர்ட்டை ஊகிக்க வேண்டாம். கிரிமினல் வழக்கென்றால் சம்பவம் நடந்த ஸ்டேஷன் எந்த நடுவருக்கு உட்பட்டது என்றும், சொத்து வழக்கென்றால் சொத்து எந்த நீதிமன்ற எல்லையில் இருக்கிறது என்றும் கேளுங்கள்.

வீட்டுக்குச் சம்மன் வந்திருக்கிறது. வாங்காமல் விட்டால் வழக்கு நின்றுவிடுமா?

நிற்காது. இந்தப் பக்கம் முழுவதிலும் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

சம்மன் கொண்டுவரும் கோர்ட் ஊழியரான அமீனா கதவைத் தட்டினால், "அவர் ஊரில் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடும் பழக்கம் நம் தெருக்களில் இருக்கிறது. சம்மனை வாங்குவதே தப்பை ஒப்புக்கொள்வது மாதிரி என்று ஒரு பயம். உண்மையில் சம்மன் என்பது, "உங்கள்மேல் ஒருவர் இப்படிச் சொல்கிறார், இந்தத் தேதியில் வந்து உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள்" என்ற கடிதம்தான். நீங்கள் வீட்டில் இல்லையென்றால் வயது வந்த குடும்பத்தினர் யாரிடமும் கொடுக்கலாம். கிரிமினல் சம்மனைப் பழைய சட்டத்தில் வீட்டில் இருக்கும் ஆண் ஒருவரிடம்தான் கொடுக்கலாம் என்று இருந்தது. 2024 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அந்த 'ஆண்' போய்விட்டது. வாங்க மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள். சட்டப்படி அதுவும் கொடுத்ததாகத்தான் கணக்கு.

வாங்கியதும் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: எந்த நீதிமன்றம், வழக்கு எண் என்ன, எந்தத் தேதி. சிவில் வழக்கில் சம்மன் கிடைத்ததிலிருந்து 30 நாளில் எழுத்துமூலமான பதிலுரை போடவேண்டும். காரணம் சொல்லி 90 நாள் வரை கேட்கலாம். பூஜை அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்த கவருக்கும் அந்த 30 நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

தேதிக்குப் போகவில்லை. 'எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டது' என்கிறார்கள். எல்லாம் முடிந்ததா?

முடியவில்லை, ஆனால் அவசரம். எக்ஸ்பார்ட்டி என்றால் உங்கள் பக்கத்தைக் கேட்காமலேயே எதிர்த்தரப்புக்குத் தீர்ப்பாகிவிட்டது. அதை ரத்து செய்யச் சொல்லி அதே நீதிமன்றத்தில் மனு போடலாம். தீர்ப்பு நாளிலிருந்து 30 நாளுக்குள் போடவேண்டும். சம்மனே முறையாகக் கிடைக்கவில்லை என்றால் உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து 30 நாள். கெடு தாண்டியிருந்தால் தாமதத்தை மன்னிக்கும்படி தனி மனு வேண்டும். ஒவ்வொரு நாள் தாமதமும் உங்கள் கையிலிருக்கும் காரணத்தை மெலிய வைக்கும்.

நண்பருக்காக ஜாமீன் கையெழுத்து மட்டும்தான் போட்டேன். என்மேல் ஏன் வழக்கு?

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். அலுவலகத்தில் கூட வேலை பார்த்தவரின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். கடன் வாங்கியவர் கட்டவில்லை. பெரியவருக்குச் சம்மன் வந்தது. "கடன் நான் வாங்கலையே" என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டார். அடுத்து வந்ததையும் அப்படியே. மூன்று வருடம் கழித்து ஒரு காலையில் தெருவில் தமுக்குச் சத்தம் கேட்டது. அவர் வீட்டு வாசலில் ஜப்தி நோட்டீஸ் ஒட்டினார்கள். தமுக்கடித்து அறிவிப்பது பழைய கதை இல்லை, சொத்தை ஜப்தி செய்யும்போது அப்படி அறிவிக்கவேண்டும் என்று சிவில் நடைமுறைச் சட்டத்திலேயே இருக்கிறது. அன்று அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்த விதத்தை என்னால் மறக்க முடியவில்லை. இந்த வேலையில் நான் இறங்கியதற்கு அந்தக் காலைதான் காரணம்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறுமாதிரி எழுதியிருந்தாலொழிய, ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன்காரரின் பொறுப்பும் சமம். கடன் கொடுத்தவர் முதலில் உங்களிடமே வந்து கேட்கலாம். நீங்கள் கட்டினால் பிறகு கடன்காரரிடமிருந்து அதை வசூலிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அந்தப் பெரியவர் முதல் சம்மனுக்கே போயிருந்தால் தவணை கேட்டிருக்கலாம், வட்டியைப் பற்றிப் பேசியிருக்கலாம். கடைசியில் உறவினர்கள் சேர்ந்து பணம் கட்டி வீட்டை மீட்டார்கள். சிவில் தீர்ப்பை 12 வருடம் வரை நிறைவேற்றச் சொல்லிக் கேட்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். "ரொம்ப நாளாகிவிட்டது, மறந்திருப்பார்கள்" என்பது இங்கே எடுபடாது.

பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டு சுவரை என் பக்கம் ஒரு அடி தள்ளிக் கட்டுகிறார். உடனே கோர்ட்டுக்குப் போகலாமா?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். வயலையும் தோப்பையும் மனையாகப் போட்டு விற்ற ஊர் இது. அன்று சங்கிலி வைத்து அளந்ததும், பத்திரத்தில் எழுதியதும், இன்று தரையில் இருப்பதும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை.

முதலில் காகிதத்தை எடுங்கள். கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரம், பட்டா, புல வரைபடம், அனுமதி பெற்ற மனைப்பிரிவு வரைபடம். பட்டா என்பது வருவாய்த் துறையின் பதிவு. அது மட்டுமே உரிமையை நிரூபித்துவிடாது, பத்திரமும் வேண்டும். அப்புறம் தாலுகா அலுவலகத்தில் கட்டணம் கட்டி நில அளவரை அளக்கச் சொல்லி மனு கொடுங்கள். அளக்கும் நாளில் பக்கத்து வீட்டுக்காரரையும் கூட நிற்கச் சொல்லுங்கள். நான் பார்த்தவரையில் பாதிச் சண்டை அந்த இடத்திலேயே அடங்கிவிடும். ஏனென்றால் இரண்டு பேருமே தங்கள் அளவு சரி என்று உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்திருப்பார்கள்.

அடங்கவில்லை, சுவரும் எழும்பிக்கொண்டிருக்கிறது என்றால் உரிமையியல் (சிவில்) நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம். பொதுவாக எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கொடுத்துக் கேட்டபிறகுதான் இடைக்காலத் தடை கிடைக்கும். தாமதித்தால் பயனே இல்லாமல் போய்விடும் என்று காட்டினால் உடனேயும் கிடைக்கலாம். நீதிமன்றம் ஒரு வழக்கறிஞர் ஆணையரை அனுப்பி, நில அளவருடன் இடத்தைப் பார்த்து அறிக்கை தரச் சொல்லலாம். ஆணையர் வரும் நாள் ரொம்ப முக்கியம். வீட்டில் இருங்கள், பேச்சில் சூடாகாதீர்கள், எல்லைக் கல்லைக் காட்டுங்கள். சுவர் முழுசாக எழும்பிப் பூச்சும் பூசிய பிறகு போனால், "இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள்" என்ற கேள்விக்குப் பதில் சொல்லவேண்டிவரும்.

மாறாக, பக்கத்து வீட்டுக்காரர் உங்கள்மேல் தடை வாங்கப்போவதாகத் தெரிந்தால் கேவியட் மனு போட்டுவைக்கலாம். உங்களைக் கேட்காமல் உத்தரவு போடவேண்டாம் என்பதற்கான மனு அது. 90 நாள் செல்லும்.

எந்தப் பக்கம் தீர்ப்பானாலும் அடுத்த நாள் காலையில் இரண்டு பேரும் ஒரே தெருவில்தான் கோலம் போடவேண்டும். கட்டைக் கையில் எடுத்து ஒரு அடி நிலத்துக்காக ஒரு கிரிமினல் வழக்கையும் கூடச் சேர்த்துக்கொண்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். நிலத்தைவிட அந்த வழக்குதான் அவர்கள் பிள்ளைகளின் அரசு வேலைக்கு வினையாக வந்து நின்றது.

கொடுத்த கடனை ஸ்டேஷனில் சொல்லி வாங்கித்தர முடியாதா? ஏரியாவில் ஒரு பெரிய மனிதர் 'பேசி முடித்துத் தருகிறேன்' என்கிறாரே?

ஏமாற்றும் எண்ணத்தோடு பணம் வாங்கினார் என்றால் அது குற்றம், போலீசுக்குப் போகலாம். வாங்கியவரால் திருப்பிக் கட்ட முடியவில்லை என்றால் அது சிவில் விவகாரம். அதை வசூலித்துத் தருவது போலீசின் வேலை இல்லை. உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் இதைப் பலமுறை கண்டித்துச் சொல்லியிருக்கின்றன.

அந்தப் பெரிய மனிதரிடம் தயவுசெய்து போகாதீர்கள். கட்டப் பஞ்சாயத்து வேகமாக முடிகிறதே என்று தோன்றும். முடிவது உண்மைதான். ஆனால் அந்த முடிவைக் காகிதத்தில் எழுதிக் காட்ட முடியாது. மேல்முறையீடு கிடையாது. பாதிப் பணம் பேசியவருக்கே போய்விடும். நாளைக்கு அதே மனிதர் எதிர்த்தரப்பிடம் காசு வாங்கிக்கொண்டு உங்கள் வாசலில் வந்து நிற்கமாட்டார் என்று யார் சொல்ல முடியும்? எங்கள் தெருவில் இரண்டு லட்ச ரூபாய்க் கடனுக்காக அப்படிப்பட்ட ஒரு ஆள், கடன் வாங்கியவரின் ஸ்கூட்டரையும் போனையும் பிடுங்கிவரச் சொன்னார். கடைசியில் வழிப்பறி வழக்கில் சேர்ந்தது கடன் கொடுத்தவரின் பெயர்தான்.

புரோநோட் இருந்தால், அல்லது வங்கி வழியாகப் பணம் போன கணக்கு இருந்தால், 3 வருடத்துக்குள் வழக்குப் போடலாம். நீதிமன்றக் கட்டணம் பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. தமிழ்நாட்டில் வழக்கு மதிப்பில் 7.5 சதவீதமாக இருந்ததை 2017-இல் 3 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். வழக்குக்கு முன்பே பேசித் தீர்க்க நினைத்தால் வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுங்கள், எதிர்த்தரப்பைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். அதுதான் முறையான பஞ்சாயத்து.

ஸ்டேஷனில் புகாரை வாங்க மறுக்கிறார்கள். என்ன செய்வது?

புகாரை எழுத்தில் கொடுத்து, புகார் வந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். புகாரில் இருப்பது பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) பதிவு செய்தாகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் லலிதா குமாரி வழக்கில் சொல்லியிருக்கிறது. எஃப்.ஐ.ஆர். நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம். எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்பவும் கூடாது. ஆன்லைனிலும் புகார் அனுப்பலாம், ஆனால் 3 நாளில் போய்க் கையெழுத்துப் போடவேண்டும். அப்படியும் நடக்கவில்லை என்றால் உயர் அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லாவிட்டால் நடுவரிடம் பிரமாணப் பத்திரத்தோடு மனு போடலாம். தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள், அங்கே அதுதான் கேட்பார்கள்.

வீட்டைக் காலி செய்துவிட்டேன். பத்து மாத அட்வான்ஸை ஓனர் திருப்பித் தரவில்லை.

பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேறுவிதமாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டாலொழிய அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான கழிவு போக, திருப்பித் தரவேண்டும். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவேண்டும். 11 மாத ஒப்பந்தத்துக்கும் இது பொருந்தும். வாடகைத் தகராறுகளுக்கென்று தனியாக வாடகை நீதிமன்றமும் இருக்கிறது. தண்ணீரையும் கரண்டையும் நிறுத்திக் காலி செய்ய வைப்பதற்கு ஓனருக்கு அதிகாரம் இல்லை. பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இங்கே ஊர் வழக்கம், சட்டம் இல்லை. ஒப்பந்தத்தில் அதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று குடிபோகும் முன்பே பாருங்கள். காலி செய்யும் நாளில் ஒவ்வொரு அறையையும் போட்டோ எடுத்துவையுங்கள்.

செக் திரும்பி வந்துவிட்டது.

தேதிகள்தான் இங்கே எல்லாம். செக்கை 3 மாதத்துக்குள் வங்கியில் போடவேண்டும். திரும்பி வந்த தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பவேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் அவர் பணம் கட்டவில்லை என்றால் அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் நடுவர் நீதிமன்றத்தில் வழக்கு. 2015 திருத்தத்துக்குப் பிறகு, உங்கள் வங்கிக் கணக்கு இருக்கும் கிளை எந்த எல்லையோ அங்கேயே போடலாம். செக் கொடுத்தவர் மதுரையில் இருந்தாலும் நீங்கள் மதுரைக்கு ஓடவேண்டாம்.

ஏலச்சீட்டில் பணம் மாட்டிக்கொண்டது.

பதிவு பெற்ற சீட்டு என்றால் 1982 சீட்டு நிதிச் சட்டப்படி சீட்டுப் பதிவாளரிடம் போகவேண்டும், சிவில் கோர்ட்டுக்கு இல்லை. பதிவில்லாத தெருச் சீட்டு என்றால் போலீஸ் புகார்தான் வழி. நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறீர்களா என்பதில் எல்லாம் நிற்கும். தீபாவளிச் சீட்டு சேரும் பெண்களிடம் நான் சொல்வது, ஒவ்வொரு தவணைக்கும் கையெழுத்து வாங்குங்கள், தெரிந்த அக்காவாக இருந்தாலும் சரி.

வக்கீல் வைக்கப் பணம் இல்லை.

பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு இலவசச் சட்ட உதவி உரிமை. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவிலோ, மாவட்ட ஆணைக்குழுவிலோ மனு கொடுக்கலாம். 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம். மேலே உள்ள பட்டியலில் பெண்களுக்கு வருமான வரம்பே இல்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. கணவரின் சம்பளத்தைக் காரணம் காட்டி யாராவது தயங்கினால் 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவைச் சொல்லுங்கள்.

மக்கள் நீதிமன்றத்துக்குப் போனால் விட்டுக்கொடுத்தே ஆகவேண்டுமா?

இரண்டு தரப்பும் சம்மதித்தால்தான் அங்கே முடிவு. சம்மதம் இல்லையென்றால் வழக்கு பழைய இடத்துக்கே திரும்பிவிடும், உங்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. சம்மதித்து வழக்கு முடிந்தால், கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அந்த முடிவுக்கு மேல்முறையீடும் கிடையாது. இதனால்தான் கையெழுத்துப் போடும்முன் தொகையையும் தேதியையும் இரண்டு தடவை படிக்கச் சொல்கிறேன். விபத்து இழப்பீடு, வங்கிக் கடன், செக் வழக்கு, குடும்பத்துக்குள் பணத் தகராறு இவற்றுக்கு மிகவும் ஏற்றது. தேசிய மக்கள் நீதிமன்றம் வருடத்தில் நான்கு முறை, பொதுவாகச் சனிக்கிழமையில் நடக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது ஒரு வசதி.

ஜி.எஸ்.டி. சாலையில் விபத்து. அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போனால் நான் கோர்ட்டுக்கு அலையணுமா?

இந்தப் பயத்தால் மனிதர்கள் ரோட்டில் கிடந்து செத்திருக்கிறார்கள். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134அ என்ற பிரிவைச் சேர்த்து, உதவி செய்கிறவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் பெயரைச் சொல்லும்படி போலீசோ ஆஸ்பத்திரியோ கட்டாயப்படுத்த முடியாது. நீங்களாக விரும்பிச் சாட்சி சொன்னால்தான் சாட்சி. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் நம் மாவட்டத்து மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் கட்டுகிறது. தயங்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அடிபட்டவரின் குடும்பத்துக்கு ஒரு வார்த்தை. இழப்பீட்டு மனுவை நீங்கள் வசிக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலேயே போடலாம். சட்டம் ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் வந்து, வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்கும் ஆட்களிடம் எதிலும் கையெழுத்துப் போடவேண்டாம்.

ராத்திரி பதினோரு மணிக்கும் ஸ்பீக்கர். திருவிழா என்கிறார்கள்.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின் வரம்பு. சில பண்டிகை நாட்களுக்கு மட்டும் அரசு இரவு 12 வரை தளர்வு தரலாம். நாங்கள் செய்தது, ஆடி மாதம் தொடங்கும் முன்பே விழாக் குழுவினரோடு உட்கார்ந்து பேசியதுதான். எந்தெந்த வீட்டில் படுக்கையில் இருக்கும் பெரியவர்கள், எந்த வீட்டில் கைக்குழந்தை என்று ஒரு பட்டியலைக் கையில் கொடுத்தோம். அந்த வருடம் குழாய் ஸ்பீக்கரைப் பந்தல் பக்கமே திருப்பிக் கட்டினார்கள். கூழ் ஊற்றிய அன்று முதல் சொம்பு அந்த வீடுகளுக்குத்தான் போனது. பேசியும் கேட்காவிட்டால் 100-க்கு அழைக்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஏரிக்கரை ஓரமாக மலிவாக மனை வருகிறது. வாங்கலாமா?

2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படி மூழ்கின என்பதைப் பார்த்தவர்கள் இதைக் கேட்கவே வேண்டாம். ஆனாலும் கேட்கிறார்கள், விலை அப்படி. ஏரி ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழ்நாட்டில் 2007-லேயே தனிச் சட்டம் இருக்கிறது. வீட்டு வரி ரசீதும் கரண்டு இணைப்பும் இருக்கிறதே என்பது அங்கே காப்பாற்றாது. வில்லங்கச் சான்றோடு நிறுத்தாமல், அந்தச் சர்வே எண் வருவாய்ப் பதிவில் என்ன வகைப்பாடு என்று பாருங்கள். நீர்நிலைப் புறம்போக்கு என்றிருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். அனுமதியில்லாத மனைப்பிரிவுகளைப் பதிவு செய்வதற்கு உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டது. அதன்பிறகு 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைகளை வரன்முறைப்படுத்தும் விதிகள் 2017-இல் வந்தன. விற்பவர் 'ரெகுலரைஸ் ஆகிவிட்டது' என்று சொன்னால், உத்தரவு எண்ணைக் கேளுங்கள்.

ஏன் இத்தனை வாய்தா? அடுத்த தேதி எனக்கு எப்படித் தெரியும்?

சாட்சி வரவில்லை, சம்மன் போய்ச் சேரவில்லை, நீதிபதி இடமாற்றம், வக்கீல் இன்னொரு கோர்ட்டில். காரணங்கள் பல, அலைகிறவர்களின் அரைநாள் சம்பளம் போவது உண்மை. ஆனால் தேதி தெரியாமல் தவிக்கத் தேவையில்லை. ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தும் எண்ணுமான சி.என்.ஆர். எண் இருக்கிறது. அதை வக்கீலிடமோ குமாஸ்தாவிடமோ கேட்டு வாங்கி, இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த தேதி, எதற்காகப் போட்டிருக்கிறார்கள் என்பது வரை தெரியும். "வக்கீல் சொல்லவே இல்லை" என்ற குறையில் பாதி இந்த எண்ணோடு தீர்ந்துவிடும்.

முதல்முறை போகிறேன். என்ன மாதிரி நடந்துகொள்ளணும்?

காலை 10 மணிக்கே இருங்கள். செல்போனைச் சைலன்ட்டில் போடுங்கள். அடையாள அட்டையும் சம்மனும் கையில் வேண்டும். பெயரைக் கூப்பிடும்போது டீக்கடையில் இருக்காதீர்கள். கீழ்க் கோர்ட்டுகளில் தமிழிலேயே பேசலாம், தமிழிலேயே சாட்சி சொல்லலாம். கேட்டது புரியவில்லை என்றால் "புரியலைங்க ஐயா, திரும்பக் கேளுங்க" என்று சொல்வதில் தப்பே இல்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்.

எந்த வழக்கும் இல்லாமல் சும்மா உள்ளே போய் உட்காரலாமா?

தாராளமாக. பாலியல் குற்றம் போன்ற சில வழக்குகளைத் தவிர, விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடக்கவேண்டும் என்பதே சட்டம். இடம் இருக்கும்வரை யாரும் உட்காரலாம். எங்கள் தெருவிலிருந்து பிளஸ் டூ படிக்கும் ஐந்து பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போனேன். கடைசி பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அம்மாவின் பெயரை டவாலி வாசலில் நின்று மூன்று முறை கூப்பிட்டார். யாரும் வரவில்லை. வெளியே வந்ததும் ஒரு பெண் பிள்ளை என்னிடம், "அங்கிள், அவங்களுக்கு யாராவது போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே" என்றாள். அதிலிருந்து எங்கள் சங்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். யாருக்கு எந்தத் தேதி என்று விருப்பமுள்ளவர்கள் எழுதிவைத்தால், முந்தின நாள் மாலை ஒரு போன் போகும். அவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். வாரத்தில் இரண்டு நாள் அந்த போனைச் செய்வது அவள்தான்.

மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை, நடுவர் நீதிமன்றம் நடக்கும். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போக நினைக்கும் பெற்றோர் அந்த மாதத்தில் ஒரு நாளைத் தேர்ந்தெடுக்கலாம்.